அறுபதில் பதினொன்று

இயந்திரவியலுக்கு இந்த வருடம் அறுபது இடம்.
நிரம்பியது பதினொன்று.
அதிலும் ஒருவன் வேறொரு கல்லூரியில்
பணம் கட்டிவிட்டான் என்று கேள்வி.
அவனை இன்னும் எண்ணிக்கையில்தான் வைத்திருக்கிறோம்.

ஆடிப் பதினெட்டுக்குள் ஆளுக்கு ஐந்து பேர் என்றார் தாளாளர்.
முன்பு கோழிப்பண்ணை வைத்திருந்தவர்.
குஞ்சுக்கணக்கு மாதிரியே கேட்பார்:
வந்தது எத்தனை, தங்கினது எத்தனை.
ஐந்து வந்தால் முழுச் சம்பளம்.
மூன்றென்றால் பாதி.
அதற்குக் கீழே என்னவென்று யாரும் கேட்கவில்லை.

குழாய்க்குள் நீர் சுழல்வதை ஆறு வருடம் ஆராய்ந்து
முனைவர் ஆனவன் நான்.
இப்போது என் பையில்
பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல்,
எந்தப் பள்ளியில் யார் விற்றதோ.
பெயர், ஊர், அப்பாவின் கைப்பேசி எண்.
ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியவை:
யோசிக்கிறார்கள்.
கோயமுத்தூரில் சேர்ந்தாயிற்று.
பையன் பனியன் கம்பெனிக்குப் போகிறான்.
எண் உபயோகத்தில் இல்லை.
எண் உபயோகத்தில் இல்லை.
அப்பா இறந்து நாலு மாதம்.

கல்லூரிப் பேருந்திலேயே போகிறோம்.
குமாரபாளையம், பள்ளிபாளையம், சங்ககிரி.
ஐம்பத்தைந்து இருக்கைக்கு
ஓட்டுநர் நாச்சிமுத்துவும் நானும்.
"காத்து நல்லா வருதுங்க சார்" என்கிறார்.
வண்டியின் முதுகில் ஒரு பெண்
பட்டமளிப்பு அங்கியோடு சிரிக்கிறாள்.
அவள் எங்கள் மாணவி இல்லை.
யாரென்று படத்தை ஒட்டியவருக்கும் தெரியாது.

திருச்செங்கோட்டுக்கு வடக்கே ஒரு புது வீடு.
முன்னால் ரிக் வண்டி, சக்கரத்தில்
வேற்று மாநிலத்துச் செம்மண்.
உள்ளேயிருந்து வந்தவன் "சார்!" என்று
மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டான்.
அர்த்தநாரி.
மூன்றாம் பெஞ்சு, சன்னலோரம்,
என் பாடத்தில் இரண்டு அரியர்.

"அழுத்தம் அழுத்தம்னு நீங்க சொன்னது
அப்பப் புரியலைங்க சார்.
சத்தீஸ்கர்ல ஆயிரத்தி இருநூறு அடிக்குக் கீழ
பாறை விட்டு, தண்ணி பீச்சினப்பத்தான்."
அவன் சம்பாத்தியத்தை நான் கேட்கவில்லை.
என் சம்பளத்தை அவனும் கேட்கவில்லை.
அவ்வளவு நாகரிகம் எங்களிடம் மிச்சமிருந்தது.

பட்டியலில் இருந்தது அவன் தங்கை, நிவேதிகா.
நான் கேட்பதற்குள் அம்மா மஞ்சள் பையை எடுத்துவந்தாள்.
மதிப்பெண், சாதி, மாற்றுச் சான்றுகள்.
முதல் பட்டதாரிச் சான்று மட்டும் இல்லை,
அதை அண்ணன் தீர்த்துவிட்டான்.
"அவனுக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு,
நீங்களே பாத்துச் சேத்துருங்க சாமி."

கட் ஆஃப் நூற்று எண்பத்தொன்று.
பொறுத்திருந்தால் அரசுக் கல்லூரிக்கே போகும் எண்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.
பை என் மடியில் இருந்தது.
தட்டில் வைத்த கச்சாயத்தை
தின்று முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.

"எந்தப் பிரிவும்மா?"
"சிவிலுங்க சார். அண்ணன் தோண்டட்டும்,
நான் கட்டறேன்."

எங்களிடம் சிவில் மூடி இரண்டு வருடம்.
செயற்கை நுண்ணறிவு சேர்ந்தாலும் வீடு கட்டலாம்
என்று சொல்லச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.
அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.
அவள் மெக்கானிக்கல் என்றிருந்தால்
நான் என்ன செய்திருப்பேன் என்று
இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டாம் சுற்று வரை பொறுங்கள் என்றேன்.
ஒரிஜினலை யார் கேட்டாலும் தராதீர்கள் என்றேன்.
பையைத் திருப்பிக் கொடுத்தபோது
அந்த 'யார்' அர்த்தநாரிக்குப் புரிந்துவிட்டது.
பேருந்து வரைக்கும் கூடவே வந்தான்.
காலி இருக்கைகளை ஒருமுறை பார்த்தான்.
"ரெண்டாவது வண்டி எடுக்கறேனுங்க சார்.
ஆபீஸ்ல கணக்கு வழக்குக்கு
நம்பிக்கையா ஒருத்தர் வேணும்.
தப்பா நெனச்சுக்காதீங்க."

வண்டி நகர்ந்தது.
"என்னாச்சுங்க சார், வருதா?" என்றார் நாச்சிமுத்து.
பட்டியலை மடியில் விரித்து
அவள் பெயருக்கு நேரே எழுதினேன்:
யோசிக்கிறார்கள்.
யார் என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.